எனக்கென்று எடுத்து வைத்த ரத்தம்

ஜூலை 5, 2023, புதன். போர்ட் பிளேர்

மழை. திக்லிபூர் கப்பல் இன்றும் கிளம்பவில்லை. ஜெட்டியில் காய்கறி மூட்டைகளோடு நின்ற வியாபாரி ஒருவர், கடலைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பதுபோல் என்னிடம் கோபித்துக்கொண்டார். சென்னையில் பத்திரிகைக்கு எட்டு வரி அனுப்பினேன். ஐந்து போடுவார்கள்.

மாலையில் மாப்பிள்ளை செந்தமிழன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "மச்சான், பொருந்திருச்சு!" அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. போனை விசாலாட்சி, எங்கள் விசா, வாங்கிக்கொண்டாள். "அண்ணே, எலும்பைத் தேச்சுக் கழுவி வை. கேக்குறாங்க."

என் தங்கையின் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. ஏப்ரலில் தெரிந்தது. புற்றுநோய் அல்ல என்று டாக்டர்கள் சொன்னபோது எல்லோரும் மூச்சு விட்டோம். அவசரப்பட்டுவிட்ட மூச்சு. அன்றிலிருந்து அவளும் மாப்பிள்ளையும் சென்னையில் ஆஸ்பத்திரிக்கு அருகே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். யார் யாருடைய ரத்தமோ ஏறிக்கொண்டிருக்கிறது. இனி என் மஜ்ஜையை வைத்துப் பார்க்க வேண்டும்.

மனைவி சித்ராவிடம் சொன்னேன். "உங்க புத்தியும் சேர்ந்து போயிரப் போவுது, அவ பாவம்" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஜூலை 8, சனி

சென்னை டாக்டர் போனில் நிதானமாக விளக்கினார். மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து கொடுத்து, என் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுப்பார்கள். அதோடு ரத்தமும் நிறைய வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே ஊறிவிடும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அதோடு பி நெகடிவ். கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காத வகை. அதனால் என் ரத்தத்தையே ஒரு பை முன்கூட்டி எடுத்து வைத்து, அன்றைக்குத் தேவைப்பட்டால் எனக்கே திருப்பி ஏற்றுவார்களாம்.

"பல இடத்துல இப்ப இதைச் செய்யறதில்லை சார். முன்னாடி எடுக்கறதாலேயே ஆள் சோகையாகி, அப்புறம் எடுத்ததையே ஏத்த வேண்டி வருது" என்று சிரித்தார். "ஆனா உங்க குரூப்புக்கு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

மூன்று வாரம் முன்னதாகவே சென்னைக்கு வரச் சொன்னார். போர்ட் பிளேரிலேயே ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, குளிர்பெட்டியில் கொண்டுவரலாமா என்று கேட்டது நான். இரண்டு ரத்த வங்கிகளும் பேசி ஒப்புக்கொண்டால் சரி என்றார். ஆகஸ்ட் 9 என்று நாளும் குறித்தார்.

டாக்டர் போனதும் மாப்பிள்ளை: "அப்ப மச்சான் ரத்தம் ஒரு பை விசாவுக்கு ரெடியா இருக்கும்."

"அவளுக்கு இல்ல மாப்பிள்ளை. எனக்கு. அவ ஓ பாசிடிவ், என் ரத்தம் அவளுக்குச் சேரவே சேராது."

"ரத்தம் சேராதாம், எலும்பு சேருமாம். டிக் ஹை, சரி மச்சான், நீங்க படிச்சவங்க."

மறுபடி விளக்கினேன். சரி சரி என்றார்.

ஜூலை 17, திங்கள்

கொடுத்தாயிற்று.

ரத்த வங்கியில் மர்ஜானா என்ற பெண்தான் எடுத்தாள். கீழக்கரைக் குடும்பம், அபர்தீன் பஜாரில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. பி நெகடிவ் வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது என்னைக் கூப்பிடுவாள். தீவில் எங்கள் வகைக்காரர்கள் மொத்தமே ஒரு கைப்பிடி. யார் எங்கே இருக்கிறார், யார் மெயின்லேண்டு போயிருக்கிறார் என்பதெல்லாம் அவள் போனில் இருக்கிறது.

"முதல் தடவையா உங்களுக்கே குடுக்கறீங்க சார்" என்றாள். "கஞ்சூஸ் ஆயிட்டீங்க."

பையில் என் பெயரை எழுதி, இவருக்கு மட்டும் என்று சிவப்புச் சீட்டு ஒட்டி, மற்றவற்றோடு கலக்காமல் தனித்தட்டில் வைத்தாள். என் பெயரை இத்தனை வருஷம் செய்திக்கு மேலே பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்தது இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சித்ரா ஈரல் வாங்கி வைத்திருந்தாள்.

ஜூலை 18, செவ்வாய்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயது.

ஜூலை 23, ஞாயிறு

சௌல்தாரி போய் வந்தேன். மாப்பிள்ளையின் பாக்குத் தோட்டத்தில் களை இடுப்பளவு. விசாவின் மகள் வைஜெயந்தி தினமும் கல்லூரி முடிந்து வந்து, மாப்பிள்ளையின் அக்கா மருதாயியோடு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். பத்தொன்பது வயது. வீட்டுக்காரி போல் எனக்குத் தட்டு வைத்தாள்.

"எங்க விசாவுக்கு ஒங்க ரத்தத்தப் பெட்டியில வெச்சிருக்கீகளாமே" என்றார் மருதாயி.

விளக்கினேன். எனக்கு எடுத்தது, எனக்கே திருப்பிப் போடுவது. கவனமாகத் தலையாட்டிக் கேட்டார்.

"எப்புடியோ, அவளுக்கு வேணும்கிறப்ப ரெடியா இருக்குல்ல, அது போதும்."

மெனக்கெட்டு இன்னொரு முறை சொன்னேன். வைஜெயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, எனக்குப் புரிஞ்சுது, விடுங்க" என்றாள். சௌல்தாரி முழுக்கச் சேதி இப்படித்தான் பரவியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஒரு தெலுங்குக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தங்கைக்கு ரத்தம் சேர்த்து வைத்த அண்ணன் என்று ஹிந்தியில் பாராட்டினார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

வைஜெயந்தி போன் போட்டபோது விசா கேட்டாள்: "ஒன் எலும்பு வந்தா நானும் கண்ணாடி போட்டுக்கிட்டு எல்லார்க்கிட்டயும் குத்தம் கண்டுபுடிப்பேனாண்ணே?" குரல் மெலிந்திருக்கிறது. சிரிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கிறாள்.

ஜூலை 28, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று மணி வாக்கில் மர்ஜானா கூப்பிட்டாள். பெரார்கஞ்சிலிருந்து ஒரு பெங்காலிப் பெண், இரண்டாவது பிரசவம். குழந்தை நலம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகடிவ். முந்தைய பிரசவத்திலேயே அவள் உடம்பு பாசிடிவ் ரத்தத்துக்குப் பகையாகிவிட்டது, அதை ஏற்ற வழியில்லை. ஓ நெகடிவும் இருப்பில் இல்லை. எங்கள் வகைக்காரர்களில் ஒருவர் கப்பலில், இரண்டு பேர் மெயின்லேண்டில். மாயாபந்தரிலிருந்து ஒருவர் ஜீப்பில் புறப்பட்டுவிட்டார். அவர் வந்து சேர ராத்திரியாகும்.

"எங்கிட்ட எடுக்கலாமே" என்றேன். பழக்கத்தில் வந்த வார்த்தை.

"எடுக்க முடியாது சார், போன வாரம்தான் எடுத்தோம். உங்களுக்கே ஹீமோகுளோபின் இன்னும் ஏறலை. ஆனா உங்க பை இருக்கு. நான் இதைக் கேக்கவே கூடாது, ரூல்படி அது உங்களுக்கு மட்டும்தான். ஆனா எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆன ரத்தம். நீங்க எழுதிக் குடுத்தா டாக்டர் சைன் பண்றேங்கறாங்க. நஹி தோ… இல்லேன்னா…"

வருகிறேன் என்று போனை வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் ஒரு ஆள் சுவரில் முதுகை வைத்து நின்றுகொண்டிருந்தான். கையில் குழந்தைத் துணி. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று இதே வராந்தாவிலிருந்து எத்தனை செய்தி அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் இல்லை என்பது யாரோ செய்த தவறாக இருந்தது.

சென்னை டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். அவருடைய உதவியாளர், "டாக்டர் வந்ததும் சொல்றேன், டேட் தள்ளிப் போகலாம்" என்றார்.

மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை. விசாவைக் கூப்பிட்டேன். அறையில் தனியாக இருந்தாள், அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பை எனக்கா, ஒனக்காண்ணே?"

"எனக்கு."

"அப்பறம் என்னையக் கேட்டு என்னா பண்ணப் போற?"

"தேதி தள்ளிப் போகும் விசா. ஒரு வாரம், ரெண்டு வாரம்."

டிவி ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பக்கம்.

"பிள்ளை பொறந்துருச்சா?"

"பொறந்துருச்சு."

"அப்ப குடுத்துரு. அவருக்கிட்ட சொல்லிராத, ஆட்டமா ஆடுவாரு. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். மர்ஜானா சிவப்புச் சீட்டின் மேல் வேறு சீட்டு ஒட்டினாள்.

ஜூலை 29, சனி

அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். மாயாபந்தர்க்காரரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

சென்னை டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். சென்னையில் பி நெகடிவ் கேட்டுப் பார்த்தாராம், வந்தால் தருகிறோம் என்கிறார்களாம். வந்தால் என்ற சொல்லை நம்பி விசாவுக்கு மருந்து தொடங்க முடியாது. அந்த மருந்து அவளிடம் மிச்சமிருக்கும் மஜ்ஜையையும் அழித்துவிடும். அதற்குப் பிறகு நான் மேசையில் படுத்தே ஆக வேண்டும். எனக்கு ரத்தம் கையில் இல்லாமல் மயக்க மருந்து டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் அங்கே போய்ப் புதிதாக ஒரு பை கொடுத்து, அதற்குப் பிறகு உடம்பு தேற வேண்டும். புது நாள் ஆகஸ்ட் 23.

ஜூலை 30, ஞாயிறு

யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். பழைய பிரஸ் கிளப் போட்டோவோடு. "தங்கையின் உயிரைக் காக்கச் சேமித்த ரத்தத்தை முகம் தெரியாத தாய்க்கு வழங்கிய மூத்த பத்திரிகையாளர்." கீழே கும்பிடும் கைகள், வரிசையாக.

எழுதியவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்? மாப்பிள்ளைக்கே புரியவைக்க முடியாததை.

பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

"விளம்பரமா மச்சான்? போட்டோ போட்டு விளம்பரமா? எம் பொண்டாட்டி ரத்தத்த எவளுக்கோ தூக்கிக் குடுத்துட்டு?"

"மாப்பிள்ளை, அது அவளுக்குள்ளது இல்ல…"

"இந்தப் பேச்செல்லாம் பேப்பர்ல எழுதுங்க! அந்தப் பை இருந்தா ஒம்போதாம் தேதி ஆபரேஷன் நடக்குமா நடக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

நடக்கும்.

"நடக்கும்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். பின்னால் விசாவின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி. சென்னை

நேற்று வந்தேன். காலையில் புதிய பை எடுத்தார்கள். இங்கே சீட்டு பச்சை.

மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை நர்ஸிடம் சொல்கிறார். நர்ஸ் என்னிடம் சொல்கிறாள். இரண்டடி தூரம்.

ஆகஸ்ட் 12, சனி

விசாவுக்குக் காய்ச்சல், தனி அறை. முகமூடி போட்டுக்கொண்டு பார்க்கலாம். மாப்பிள்ளை சாப்பிடப் போன சமயம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கச்சால் தீவில் பிறந்தவர்கள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த அப்பாவுக்கு அங்கே ரப்பர் வெட்டும் வேலை. எவ்வளவு காய்ச்சல் வந்தாலும் சின்ன வயதில் படுக்க மாட்டாள், மரத்து மரத்துக்கு ஓடுவாள். இப்போது தலையணையிலிருந்து தலையைத் திருப்பக்கூட யோசிக்கிறாள்.

"நான் இன்னும் சொல்லலண்ணே. வாயெடுத்தேன். அவரு மொகத்தப் பாத்துட்டு…"

"நான் சொல்றேன். உன்னக் கேட்டுத்தான் குடுத்தேன்னு."

"வேணாம். ஒன்னையத் திட்டுனா ஒரு மாசத்துல மறந்துருவாரு. என்னையத் திட்டுனா அவரு தாங்க மாட்டாரு." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். "அந்தப் பிள்ளை என்னா பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளை."

"நல்லாருக்கட்டும்."

ஆகஸ்ட் 14, திங்கள்

நுரையீரலில் பூஞ்சை. ஸ்கேனில் தெரிகிறது.

ஆகஸ்ட் 19, சனி

இந்த நிலையில் மஜ்ஜை மாற்ற முடியாதாம். முதலில் பூஞ்சை அடங்க வேண்டும். அது அடங்க வெள்ளை அணுக்கள் வேண்டும். வெள்ளை அணுக்களுக்கு மஜ்ஜை வேண்டும். டாக்டர் விரலால் மேசையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

வெளியே வந்து, திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். ஒன்பதாம் தேதியே செய்திருந்தால்?

"சொல்ல முடியாது சார். அப்பவே உள்ள இருந்திருக்கலாம். மருந்து குடுத்ததும் இதைவிட வேகமா வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்."

எத்தனை பேர் 'சொல்ல முடியாது' என்றதை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறேன். மழுப்புகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன். இவர் மழுப்பவில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

விசாலாட்சி இறந்துவிட்டாள். விடியற்காலை. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார்.

ஆகஸ்ட் 26, சனி

இங்கேயே எரித்தோம். வைஜெயந்தி விமானத்தில் வந்து சேர்ந்தாள். அழவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், செருப்பை எடுத்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் இடத்தில் ஒரு பையன் கேட்டான். "சார், உங்க பேர்ல ஒரு யூனிட் ரத்தம் இருக்கு. என்ன பண்றது?"

யாருக்காவது கொடுங்கள் என்றேன். இங்கே அப்படிக் கொடுக்க மாட்டார்களாம். நாள் முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்.

செப்டம்பர் 1, வெள்ளி. போர்ட் பிளேர்

நானும் வைஜெயந்தியும் விமானத்தில் வந்துவிட்டோம். என் பக்கத்தில் உட்கார முடியாது என்று மாப்பிள்ளை அஸ்தியோடு கப்பல் ஏறினார். இன்று காலை ஹாடோ ஜெட்டியில் வந்து இறங்கினார். தூரத்தில் நின்று பார்த்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜீப்காரனிடம் ஹிந்தியில் வாடகை பேசிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 8, வெள்ளி

பதினாறாம் நாள். சௌல்தாரி. வராதே என்று யாரும் சொல்லவில்லை, போனேன். சித்ரா சமையலுக்குள் புகுந்துகொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை யாரிடமோ உரக்கச் சொன்னார்: "எல்லாம் ரெடியா இருந்துச்சுங்க. ரத்தம்கூட. அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா விட்டுருப்பாளா? பொழைக்கணும்னு எப்புடித் துடிச்சா!"

மருதாயி எனக்கு இலை போட்டார். கேட்டார்: "யாருமில்லாத சனமா அந்தப் பெங்காலிக்காரவுக? அந்தப் பொண்ணு புருசன் ஆள் தேடியிருக்க மாட்டானா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு பக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. ரத்த வகை, சேர்மானம், மாயாபந்தர் ஜீப். அத்தனையும் சரியானவை. இவர்கள் சொல்வது தவறு. அவளுக்கு அந்த ரத்தம் ஒரு சொட்டுகூட உதவியிருக்காது. ஆனால் அது அந்தத் தட்டிலேயே இருந்திருந்தால் ஒன்பதாம் தேதி அவளுக்கு வேறு நாளாக இருந்திருக்கும்.

தவறான செய்தி. அதிலிருந்து சரியான முடிவு. இப்படி ஒன்றை நான் என்ன செய்வது?

சாப்பிட்டேன். எழுந்தேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

பெரார்கஞ்சுக்காரன் அலுவலகத்துக்கு வந்திருந்தான், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. நான் உள்ளே இருந்தேன். ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பெண் வெயிலில் நன்றாகத்தான் நடக்கிறாள்.

அக்டோபர் 19, வியாழன்

கடல் சீற்றம், படகுகள் ரத்து. ஆறு வரி.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. சித்ரா அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு வெடிச் சத்தம் மட்டும்.

மூன்று மணிக்கு வைஜெயந்தி வந்தாள், சொல்லாமல். அவள் அப்பாவுக்குத் தெரியாதாம். சௌல்தாரியிலிருந்து பாக்கு கொண்டுவந்திருந்தாள். தோட்டத்தில் களை எடுத்துவிட்டார்களாம். அப்பா இப்போது காலையிலேயே மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறாராம். அவள் படிப்பை விடவில்லை. நல்லது என்றேன்.

சித்ரா டீ போடப் போனதும் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட கேக்கறேன். அந்த ரத்தம் உங்களுக்குத்தான், அம்மாவுக்கில்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதக் குடுத்தா டேட் தள்ளிப் போகும்னு அம்மாவுக்குத் தெரியுமா? குடுக்கறதுக்கு முன்னாடியே?"

"ஏன் கேக்கற?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டா, எங்களுக்காக இருந்திருப்பான்னு அப்பா தினம் சொல்றாரு. சொல்லிட்டுத்தான் சாப்பிட உக்கார்றாரு. எனக்கு மட்டும் தோணுது… அம்மாகிட்ட கேட்டிருந்தா குடுன்னுதான் சொல்லியிருப்பான்னு. அப்படிச் சொல்லியிருந்தா, அப்ப எங்கள நெனைக்கலையா அவ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் ஒரு சரவெடி முடிகிற வரைக்கும்.

"அவளுக்குத் தெரியாது" என்றேன். "நான் யாரையும் கேக்கல. நானே குடுத்தேன்."

அவள் மெல்லத் தலையாட்டினாள். தோள் கொஞ்சம் இறங்கிற்று. பிறகு எழுந்தாள். என்னை இதுவரை அப்படி வேற்றாளாக யாரும் பார்த்ததில்லை.

"அப்ப அப்பா சொல்றது சரிதான்."

"சரிதான்."

டீயை நின்றபடியே குடித்தாள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்றாள். அவள் போகாவிட்டால் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாராம்.